கடலைக் குளமென்று நினைத்த நாள்

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குளம். அது வற்றினால் கால்வாய். கடலும் அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. காற்று திரும்பினால் முற்றத்தில் காயும் நெல்லின் மேலே உப்பு மணம் வந்து நிற்கும். ஆனாலும் வயற்காட்டுக்காரர்களான எங்களுக்குக் கடலோடு என்ன வேலை? ஆண்கள் அமாவாசைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வருவார்கள். பெண்களுக்கு மீன்காரி கொண்டுவரும் கூடைதான் கடல். பத்தொன்பது வயது வரைக்கும் நான் கடலில் கால் வைத்ததில்லை என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும்.

நான் போனதும் கடல் பார்க்க அல்ல. என்னைப் பார்ப்பதற்காக.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். பெரிய உத்தியோகம் எல்லாம் திருவனந்தபுரத்தில். அதற்கு முந்தைய வருஷம் என்னைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்தது. முந்திரிக்கொத்தும் முறுக்கும் தின்றார்கள். காபியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று வண்டி ஏறினார்கள். சொல்லியனுப்பவே இல்லை. அவர்கள் வந்ததைத் தெரு முழுக்கப் பார்த்திருந்தது. அதன் பிறகு நான் குளத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், பதில் வந்ததா என்று யாராவது ஒருத்தி அக்கறையாகக் கேட்பாள். அந்த அக்கறையில் எனக்கு உடம்பு கூசும். அப்பாவிடம் யாரும் நேரே கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிடுவார்களோ என்று அவர் சாயங்காலம் வெளியே உட்காருவதையே விட்டுவிட்டார். அப்பாவுக்கு நிலம் கொஞ்சம்தான், மானம் நிறைய.

அடுத்து வந்த இடம் திருவனந்தபுரத்தில் குமஸ்தா வேலை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, அம்மாதான் எல்லாம். அப்பா நேரில் போய் ஜாதகம் கொடுத்துவிட்டு வந்தார். பொருத்தம் சரியாக இருந்தது. அந்த அம்மாளே ஒரு யோசனை சொல்லியிருந்தாள். தை அமாவாசைக்கு அவர்கள் கடலாட வருகிறார்கள். நாங்களும் வந்தால் தற்செயலாகச் சந்தித்தது மாதிரி இருக்கும். பிடித்தால் வீட்டுக்கு முறைப்படி வருவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வீட்டாரும் கடலாடினோம், திரும்பினோம் என்று போய்விடலாம். பெண்ணுக்குக் கெட்ட பேர் இல்லை. அப்பா அந்த யோசனையை வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. தெருவுக்குத் தெரியாது என்பதுதான் அந்த நிம்மதி.

எனக்கும் இந்த இடம் முடிய வேண்டும் என்றிருந்தது. மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. திருவனந்தபுரத்தில் மின்சார விளக்கு உண்டு, பதில் வந்ததா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அது போதும் எனக்கு.

இருட்டோடு வில்வண்டி கட்டிக் கிளம்பினோம். அப்பா, அம்மா, நான். அம்மாவின் கல்யாணப் பட்டு, அதற்கேற்ற ரவிக்கை, அம்மாவுக்கு மாற்றுச் சேலை, எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி என் மடியில் இருந்தது. நான் உடுத்தியிருந்தது பழைய பாவாடையும் மெல்லிய தாவணியும். குளித்ததும் களைந்துவிட்டுப் பட்டு உடுத்திக்கொள்ள வேண்டும். அவர்கள் வருவதற்குள் தலை துவட்டிப் பூ வைத்துத் தயாராக நிற்க வேண்டும். அம்மா வழி நெடுக இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கரையைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. கடல் என்றால் பனைமரம் உயரத்துக்கு எழும்பி வரும் என்று நினைத்திருந்தேன். இங்கே மணல் அப்படியே சாய்ந்து சாய்ந்து தண்ணீருக்குள் போனது. அலை எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக உடைந்து, எங்கள் காலடிக்கு வரும்போது வெறும் நுரையாக இருந்தது. கைக்குழந்தைகளைத் தண்ணீரில் உட்காரவைத்து விட்டுத் தாய்மார்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கா இவ்வளவு நாள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள் என்று அம்மா கேட்டாள். அவள் குரலில் ஒரு கோபமே இருந்தது.

அப்பா எங்களை விட்டுவிட்டு, ஆண்கள் தர்ப்பணம் செய்யும் இடத்துக்குக் கரையோடு நடந்து போனார். வண்டி மேலே, தாழைப் புதர்களுக்குப் பின்னால் நின்றது. வண்டிக்காரர் மாட்டைத் தண்ணீர் காட்டக் கொண்டு போயிருந்தார்.

மூட்டையை எங்கே வைப்பது? குளத்தில் என்றால் கேள்வியே இல்லை. தண்ணீருக்கு மேலே உள்ள படியில் வைப்போம். கைக்கு எட்டும், கண் பார்வையிலும் இருக்கும். மேல்மணல் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது, பட்டில் மணல் ஏறினால் போகாது. தண்ணீர் ஓரத்து மணலோ ஈரமாக, இறுகி, சாணி மெழுகிய தரை மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கேயே வை என்றாள் அம்மா. நானும் வைத்தேன். குளம் இருந்த இடத்தில் இருக்கும். கடல் இடம் மாறும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

தண்ணீருக்குள் நடந்தோம். நடந்தோம், நடந்தோம், முட்டளவுக்கு மேலே ஏறவில்லை. அம்மா குனிந்து கையால் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். ஒரு சின்ன அலை வந்து அவளைப் பின்னாலிருந்து தள்ளியது, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். தெருவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அம்மா, அன்று வாயைத் திறந்து சிரித்தாள். நானும் பக்கத்தில் விழுந்து சிரித்தேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பிறகு யாரோ சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கரையில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிறு பிடித்து இழுப்பது அது. மீன் எடுக்கக் கூடையோடு காத்திருந்த கடற்கரைப் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை நீட்டிக் காட்டினாள். நாங்கள் மூட்டை வைத்த இடத்தில் தண்ணீர் கிடந்தது. மூட்டை எங்களுக்கு வெகு தூரத்தில், அவிழ்ந்து, துணிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. பட்டின் ஜரிகை ஒரு தடவை மின்னியது. அப்புறம் அதையும் காணவில்லை.

"கடல கொளம்னு நெனச்சுப்போட்டாளுவ" என்றாள் கைகாட்டியவள். சிரிப்பு இன்னும் பெரிதாக எழும்பியது.

அம்மா வாயில் அடித்துக்கொண்டாள். அவள் உடுத்தியிருந்தது கெட்டியான கைத்தறிச் சேலை; ஈரத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னையும் வா வா என்று கூப்பிட்டபடி வண்டியைப் பார்த்து ஓடினாள். என்னால் எழும்ப முடியவில்லை. என் மெல்லிய தாவணி நனைந்து தோலோடு ஒட்டிக் கிடந்தது. எழுந்து நின்றால் உடுத்தியதும் உடுத்தாததும் ஒன்றுதான். வண்டிக்குப் போக வேண்டுமென்றால் கயிறு இழுக்கும் அத்தனை ஆண்களுக்கும் நடுவே போக வேண்டும். குளமென்றால் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொள்ளலாம். முங்கி ஒளிய அந்தக் கடலில் ஆழம் இல்லை. குழந்தைகள் விளையாடும் தண்ணீரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அலை விலகும்போதெல்லாம் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

கைகாட்டிச் சிரித்தவள்தான் தண்ணீருக்குள் வந்தாள். வரும்போதே ஆண்களைப் பார்த்து, கயிறு கடல்ல கெடக்கு, கண்ணு இங்க எதுக்கு என்று ஒரு சத்தம் போட்டாள். தன் மேல்துண்டை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்தி, கையைப் பிடித்துத் தூக்கினாள். அம்மா வயதுதான் இருக்கும் அவளுக்கு. கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. மணல்மேட்டில் இருந்த அவள் குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போய், தகரப் பெட்டியிலிருந்து வெள்ளை முண்டும் நீளக்கைச் சட்டையும் எடுத்துத் தந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுக்கிறது, வேறு நல்லதில்லை என்று சொன்னாள். நான் அதை வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். மீன் மணக்கிறதா என்று பார்த்தேன். அவள் அதைக் கவனித்தாள். அதில் சவுக்கார மணம்தான் இருந்தது.

என் துணிகளைப் பிழிந்து ஒரு கட்டுமரத்தின் மேல் விரித்தோம். வெயில் ஏறியிருந்தது, காற்றும் நல்ல காற்று. கொஞ்ச நேரத்தில் உணங்கிவிடும், மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அவள் கூடைப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தாள். நான் தலைமுடியை உதறிக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். வண்டிக்குப் போய் அம்மாவிடம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். என் உடுப்பை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கட்டுமரத்தில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"துணி உணங்குததுக்குள்ள அவங்க வந்திரப்பிடாது" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. சொல்லிவிட்டு, என்னை விட்டு நாலு எட்டு தள்ளிப்போய்க் கடலைப் பார்த்து நின்றார்.

அவர் சொல்லி முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது. முன்னால் அந்த அம்மாள், கையில் சோற்றுத் தூக்கு. கூடவே கல்யாணமான மகள். பின்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலையே பார்த்து நடந்து வந்த ஒரு ஒல்லியான ஆள். நான் அவரை நன்றாகவே பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்காததால் பார்க்க முடிந்தது.

அந்த அம்மாள் அப்பாவை அடையாளம் கண்டு, என்ன அண்ணாச்சி, தனியா நிக்கிய, பிள்ளை எங்கே என்று கேட்டாள். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிள்ளைக்கு ராத்திரியே காய்ச்சல், அதனால் கூட்டி வரவில்லை, வீட்டுக்காரியும் அவள் கூட இருந்துவிட்டாள் என்றார். எனக்கே அது நல்ல சமாளிப்பாகத்தான் தோன்றியது. அவர்கள் அப்படியே போயிருந்தால் நானும் அப்பாவும் பிறகு சிரித்திருப்போம்.

ஆனால் அந்த அம்மாள் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் நின்றாள். மகளிடம், கடக்கரையில இப்பிடி ஒரு நெறமா, நல்ல லெச்சணமாட்டுல்லா இருக்கா, நம்ம பயலுக்குப் பாக்குத பிள்ளை இத்தன இருந்தாப் போரும் என்றாள். பிறகு சாதாரணமாக, பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, இது யாரு அண்ணாச்சி என்று அப்பாவிடம் கேட்டாள். நான் அப்பாவுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தேன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"ஆருன்னு தெரியல்லக்கா. இங்கத்த பிள்ளை."

காதில் அலைச்சத்தம்கூட நின்றுபோனது எனக்கு. கூடைக்காரி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால்தான் அவர் என் பக்கத்தில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்துப் பேசியதைக் கண்டவள் அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவின் மானம் அந்த மணலில் கிடக்கும். அவள் என் தோளில் கை வைத்தாள்.

"எம் மவளாக்கும் தாயே" என்றாள்.

அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. அமாவாசைச் சோறு மிஞ்சிக் கிடக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்கிறேன் என்று தூக்கைத் திறந்து, ஒரு இலைத் துண்டில் புளியஞ்சோறு வைத்து மடித்தாள். என்னைக் கை நீட்டச் சொன்னாள். நீட்டினேன். என் கையில் தன் கை பட்டுவிடாதபடி, ஒரு சாண் உயரத்திலிருந்து இலையைக் கீழே விட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவளுக்கு. எங்கள் வீட்டில் மீன்காரிக்கு அம்மாவும் அப்படித்தான் கொடுப்பாள். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். வாங்குகிற கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சோறு கையில் விழுந்தபோது நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்குச் சுகமானதும் மாசியில் வீட்டுக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

நான் அந்த இலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். தின்கிறாயா என்று கூடைக்காரி கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியென்றால் கொண்டா என்று வாங்கி, பிரித்து, நின்றபடியே தின்றாள். புளியஞ்சோறு கொள்ளாம், நல்லா இருக்கு என்றாள். தின்று கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து, கண்ணில் சிரிப்போடு கேட்டாள்:

"என்ன பிள்ளேவாள், எம் மவள கொண்டு போறீளா, இங்கயே விட்டுட்டுப் போறீளா?"

அப்பா என்னிடம் துணி மாற்றிக்கொண்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்து நடந்தார். நான் ஈரம் பாதி உணங்கிய என் துணியை உடுத்தி, முண்டையும் சட்டையையும் மடித்துக் கொடுத்தேன். அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது, அவள் முன்னால் நிற்கவே.

அம்மாவிடம் அப்பா, அவர்கள் வந்தார்கள், காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மீதி எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. அதன் பிறகு வீட்டில் அப்பா என்னை எப்போதும் போல மக்கா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார். நான் சோறு போட்டால் இலையைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுவார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் கோபத்தைவிட, அவரைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தப்புச் செய்தது அவர்; உடம்பு கூசியது எனக்கு.

மாசியில் அவர்கள் சொன்னபடி வந்தார்கள். தெரு இந்தத் தடவையும் பார்த்தது. பட்டு போய்விட்டதால் பக்கத்து வீட்டுச் சித்தியின் பட்டை உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறும் பொட்டும் வைத்து, தலை நிறையப் பிச்சிப்பூவோடு அம்மா என்னைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கடற்கரையில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளையும் என்னையும் யாரால் சேர்த்துப் பார்க்க முடியும் என்று நான் தைரியமாக இருந்தேன். காபித் தட்டை வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். அந்த அம்மாள் என்னை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்து, தாடையைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினாள். எவ்வளவு பிரியமான கை அது. இந்தத் தடவை அது என்னைத் தொட்டது.

"எங்கயோ பாத்த மொகமாட்டுல்லா இருக்கு" என்றாள், யோசித்தபடி.

அம்மா ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். வேண்டினேன் என்றே சொல்ல வேண்டும். பாத்திருக்க வழியில்லக்கா என்று ஒரு வார்த்தை, அவ்வளவு போதும். அப்பா சொல்லிவிடுவார், பேச்சு தாம்பூலத்துக்குப் போய்விடும், நான் திருவனந்தபுரத்துக்குப் போய்விடுவேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பாத்திருக்கியக்கா. அமாவாசையண்ணைக்கு முண்டு உடுத்துட்டு இருந்தாள்லா, நீங்க சோறு குடுத்தியள்லா, அது இவதான். காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் எம் பிள்ளைய எம் பிள்ளை இல்லன்னு சொல்லிப்போட்டேன்."

அந்த அம்மாளின் கை என் தாடையிலிருந்து மெல்ல விலகியது. அந்தக் கையை அவள் மடியில் வைத்து, மற்றக் கையால் மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார். யாரும் யாரையும் வையவில்லை. காபியைக் குடித்தார்கள். முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. மழை எப்படி, பயிர் எப்படி என்று கொஞ்சம் பேசினார்கள். பிறகு, சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்தார்கள்.

அந்த அம்மாளுக்கு எங்கள் மேல் கோபம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கோபமென்றால் ஆறியிருக்கும். தான் எட்டி நின்று சோறு போட்ட கையில் தினமும் சோறு வாங்கித் தின்ன அவளால் முடிந்திருக்காது. என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இலை ஞாபகம் வந்திருக்கும். வெட்கப்பட்டவர்கள் ஒரே வீட்டில் இருப்பது கஷ்டம். அது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அம்மா அழுதுகொண்டே படுத்துவிட்டாள். நான் பின்புறம் கிணற்றடியில் உட்கார்ந்து அவர்கள் குடித்த டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு, மக்கா என்று கூப்பிட்டார்.

என்னை மறுபடி மகள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்து நிற்கிற மனுஷர். நான் அவர் காலைத் தொட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது வந்தது வேறு.

"இன்னும் ஒரு தடவ இல்லன்னு சொல்லியிருந்தா என்னப்பா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அப்பா அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதுதான் மக்கா நாக்கு வரைக்கும் வந்துது" என்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்க முயலவில்லை. வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டு, நான் டம்ளர் கழுவத் தண்ணீர் இறைத்து ஊற்றினார்.